கொடாததைக் கொள்ளலாமோ?

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் கள்ளாமையும் ஒன்று. பிறர் பொருளைக் கவராதே என்று குழந்தைக்கு நாம் சொல்லும்போது, பொருள் என்றால் பணம், நகை, நிலம், விளைச்சல் என்றே அக்குழந்தை புரிந்துகொள்ளும். கவரப்பட்ட பொருள் உடையவனிடம் இல்லாமற் போகிறது, அவன் வருந்துகிறான், ஆகையால் களவு தீது. இவ்விளக்கம் எளியது, வகுப்பறைக்குப் போதுமானது. ஆனால் உடையவனிடமிருந்து எதுவும் குறையாமல், அவனைப் பற்றிய ஒன்றை அவன் அறியாமலே எடுத்துக்கொண்டால் அது களவாகுமா?

முன்னாளில் இது உரையாசிரியர்கள் எழுப்பி விடை கண்ட நுண்ணிய வினா. இன்றோ, கையில் தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் பற்றிய வினாவாகிவிட்டது. இணையத்தளங்கள் தம்மிடம் வருவோரை அடையாளங்கண்டு பின்தொடரும் வழிகளுள் ‘உலாவிக் கைரேகை’ என்பது ஒன்று. அதனை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

சீட்டும் ரேகையும்

இணையப் பக்கங்களை நமக்குத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவை பலரும் அறிந்த உலாவிகள். வந்தவரை மறவாதிருக்கத் தளங்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் கருவி ‘குக்கி’. நம் கருவியில் தளம் இட்டுச்செல்லும் சிறு குறிப்பு அது. மறுமுறை நாம் சென்றால் அக்குறிப்பைக் கண்டு, முன்பு வந்தவரே இவர் என்று தளம் அறியும். வீட்டுத் திண்ணையில் பிறர் வைத்துச் சென்ற சீட்டைப் போன்றது குக்கி. அதை நாம் காணலாம். வேண்டாமெனில் பெருக்கித் தள்ளலாம்.

உலாவிக் கைரேகை அத்தகையதன்று. இங்கே நம் திண்ணையில் எதுவும் வைக்கப்படுவதில்லை. ஒரு பக்கத்தைச் செவ்வையாகக் காட்டும் பொருட்டு, உலாவி சில விவரங்களைத் தளத்துக்குத் தெரிவிக்கிறது. கருவி எவ்வகையைச் சேர்ந்தது, திரையின் நீள அகலம் எவ்வளவு, எம்மொழியை விரும்புகிறோம், எந்நாட்டு நேரத்தைப் பின்பற்றுகிறோம் என்பன அவ்விவரங்கள். என்னென்ன எழுத்துருக்கள் உள்ளன என்பதையும் தளத்தால் சோதித்து அறிய முடியும். மேலும், நம் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு படத்தை வரையுமாறு அது உலாவியைப் பணிக்கவும் கூடும். கட்டளை ஒன்றுதான், ஆயினும் கருவியின் உறுப்புகளும் மென்பொருள்களும் வேறுபடுவதால் அப்படம் நுண்ணளவில் வேறுபட்டு அமையும். இவையனைத்தையும் சேர்த்து ஓர் எண்ணாக மாற்றினால் அதுவே அக்கருவியின் கைரேகை. மையும் வேண்டாம், விரலும் வேண்டாம். குக்கிகளை அழித்தாலும் இது அழியாது. நம் வீட்டில் இல்லாத சீட்டை எந்தத் துடைப்பத்தால் பெருக்குவது?

திரையின் அகலம் ஓர் அற்ப விவரமன்றோ, அதனால் என்ன அறிய முடியும் என்று சிலர் கேட்பர். பள்ளியில் பிள்ளைகள் ஆடும் ஒரு விளையாட்டு இதற்கு விடை சொல்லும். வகுப்பிலுள்ள ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டுமே விடை வரும் வினாக்களைக் கேட்டு அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வினாவும் எஞ்சியோரைப் பாதியாகக் குறைக்குமானால் 40 பேர் உள்ள வகுப்பில் 6 வினாக்கள் போதும். 10 லட்சம் பேருள் ஒருவரைத் தனியே காட்ட 20 வினாக்கள் போதும். உலக மக்கள் 800 கோடிப் பேர் என்றாலும் 33 வினாக்களுக்கு மேல் வேண்டியதில்லை. தனித்தனியே அற்பமானவை ஒன்றுசேர்ந்து ஒருவரைச் சுட்டிக் காட்டிவிடுகின்றன.

அமெரிக்காவிலுள்ள எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பின் சார்பில் பீட்டர் எக்கர்ஸ்லி என்பவர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 4,70,161 உலாவிகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 83.6 விழுக்காடு வேறெதனோடும் ஒவ்வாத தனி ரேகை உடையனவாக இருந்தன. 2014இல் பிரின்ஸ்டன், லூவன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மக்கள் மிகுதியாகச் செல்லும் ஒரு லட்சம் தளங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 5.5 விழுக்காடு மேற்கூறிய மறை படத்தை வரையச் செய்து ரேகை எடுப்பதைக் கண்டனர். இம்முறை எல்லாரையும் தவறாமல் காட்டிக்கொடுக்கும் என்று சொல்வதும் மிகையாகும். பிரான்சு நாட்டுத் தளமொன்றில் திரட்டிய 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேகைகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வில், தனித்து நின்றவை 33.6 விழுக்காடே. மூவரில் ஒருவர் என்பது சிறு அளவன்று. எனினும் உண்மையைக் கூட்டாமலும் குறையாமலும் சொல்லுதல் வேண்டும்.

எவர் எளிதில் தனித்துத் தெரிவர்? பலரினின்றும் வேறுபட்டவரே. அயல்நாட்டு நகரமொன்றில் தம் உலாவியின் விருப்ப மொழியாகத் தமிழை வைத்திருப்பவர், ஆங்கிலத்தை வைத்திருப்பவரைவிட எளிதில் அடையாளங்காணப்படுவார். 2011 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் 7 கோடியே 21 லட்சம் மக்களுள் சமணர் 89,265 பேர் மட்டுமே. சிறு கூட்டத்தில் ஒருவரைக் கண்டுபிடிக்க அதிக வினாக்கள் தேவைப்படா என்பதை நாம் மறவாதிருத்தல் நலம்.

சானடோரியத்தில் இறங்குபவர்

‘நான் தவறு ஏதும் செய்யவில்லை, என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?’ என்று கேட்போர் பலர். நேர்மையாளர் வாயிலிருந்தே இது பெரும்பாலும் வருவதால் பொறுமையோடு விடை கூறவேண்டும்.

நம் தாம்பரத்துக்கு அடுத்துள்ள சானடோரியம் இரயில் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். டாக்டர் சவரிமுத்து 1928ஆம் ஆண்டு காசநோயாளருக்கென நிறுவிய மருத்துவமனையால் அவ்விடத்துக்கு அப்பெயர் வாய்த்தது. பின்னர் அரசு மருத்துவமனையான அங்கே 1990களில் எச்.ஐ.வி. தொற்றியவர்களும் பெருமளவில் சிகிச்சைக்கு வரலாயினர். அந்நிலையத்தை ஒட்டியே ஏற்றுமதி வளாகமும், 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உள்ளன. ஆகவே ஒருவர் சானடோரியத்தில் இறங்கினார் என்னும் செய்தி தனியே எதையும் சொல்லாது. வேலைக்கு வந்தவராகலாம், முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க வந்தவராகலாம்.

ஆயினும், ஒருவன் நிலையத்தின் படிக்கட்டில் அமர்ந்து குறிப்பெடுக்கிறான் என வைத்துக்கொள்வோம். இன்னார் ஒவ்வொரு மாதமும் இன்ன நாளில் வருகிறார், இன்ன வாயிலுக்குள் நுழைகிறார், இத்தனை மணிக்குத் திரும்புகிறார், இன்ன கடையில் மருந்து வாங்குகிறார் என்று அவன் எழுதி வருகிறான். ஒவ்வொரு வரியும் எல்லாரும் காணக்கூடிய செய்தியே, எதுவும் இரகசியமன்று. வரிகள் கூடியபின் அம்மனிதர் தம் உடன்பிறந்தாரிடமும் சொல்லாத ஒன்று அந்தக் குறிப்பேட்டில் இருக்கும். அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை, நோயுற்றார், அவ்வளவே. நம் நாட்டில் இந்நோயின் பொருட்டு வேலை இழந்தவரும், வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவரும் உண்டு. எனவேதான் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், அறிந்து தரும் இசைவின்றி ஒருவருடைய நோய்நிலையை வெளியிடலாகாது எனப் பொதுவிதி வகுத்தது.

இணையத்தில் நோயைப் பற்றித் தேடுபவர், கடன் தீர்க்க வழி தேடுபவர், மணமுறிவு பற்றிய சட்டம் தேடும் பெண் ஆகிய எல்லாரும் அந்நிலையத்தில் இறங்கியவர்களே. பல தளங்களில் ஒரே நிறுவனத்தின் நிரல் இருக்குமானால், அந்நிறுவனமே படிக்கட்டில் அமர்ந்திருப்பவன். பெயரை அறியாவிடினும் ரேகையைக் கொண்டு, அங்கு வந்தவரே இங்கும் வந்தார் என்று அவன் இணைத்துவிடுவான். பிறகு ஏதோ ஒரு தளத்தில் நாம் பெயரைப் பதிந்தால், பழைய வரிகள் அனைத்தும் அப்பெயரின் கீழ் வந்து சேரக்கூடும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது வேறு. யாரிடம் எதைச் சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை வேறு. முன்னதைப் பற்றிப் பேசி, பின்னதை நாம் இழந்துவிடலாகாது.

மை தோய்ந்த வரலாறு

கைரேகை என்னும் பெயர் நம் நாட்டுக்குப் புதிதன்று. உலகின் முதற் கைரேகை அலுவலகம் 1897ஆம் ஆண்டு கல்கத்தாவில்தான் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை எட்வர்ட் ஹென்றியுடன் சேர்ந்து உருவாக்கியவர்கள் அசீசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்தியர்கள். குற்றவாளியை அறிவதற்கு அது உதவியது. அதே கருவி, குற்றமே செய்யாதவரைக் குற்றவாளியாக்கவும் பயன்பட்டது.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடஇந்தியாவில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சாதிகளில் பிறந்தமையாலேயே மக்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு ரேகை கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். மதுரைப் பக்கத்தில் அதனைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே மக்கள் அழைத்தனர். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை கொடுக்க மறுத்து எதிர்த்து நின்றனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல் படை அங்கே சுட்டதில், மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது.

அக்கொடுமையையும் விளம்பரத்துக்காக ஒரு நிறுவனம் எடுக்கும் உலாவி ரேகையையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று. உயிரிழந்தவர்களுக்கு அது இழுக்காகும். ஆயினும் ஒரு வேற்றுமையைக் கருதவேண்டும். பெருங்காமநல்லூரில் கேட்டவன் எதிரே நின்றான். அதனால் மறுக்க முடிந்தது. இன்று நியாயவிலைக் கடையில் பொருள் வாங்க விரலை வைக்கும் முதியவளுக்கும், தான் எதைக் கொடுக்கிறோம், எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரியும். உலாவி ரேகை எடுக்கப்படும்போது நம்மெதிரே எவரும் நிற்பதில்லை. கேட்பாரே இல்லாதபோது மறுப்பது எவ்வாறு? வன்முறை இல்லை என்பது மெய். மறுக்கும் வாய்ப்பும் இல்லை என்பதும் மெய்.

திறந்த தெருவும் அடைத்த கதவும்

இனித் தொடக்கத்து வினாவுக்கு வருவோம். கொடுக்கப்படாததை எடுத்தல் களவு என்பது தத்வார்த்த சூத்திரம் தரும் இலக்கணம். உடையவனின் இழப்பைப் பற்றி அங்கே பேச்சில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். களவின் இலக்கணம், இழந்தவனை வைத்தன்று, எடுத்தவனை வைத்தே வகுக்கப்பட்டிருக்கிறது.

நிறுவனங்களின் தரப்பில் ஒரு வலுவான மறுப்பு உண்டு. ‘உங்கள் உலாவி இவ்விவரங்களைத் தானாகவே எல்லார்க்கும் சொல்கிறது. நாங்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. தெருவில் கிடந்ததைக் கண்டோம்’ என்பர். இதே வடிவிலான வினாவை ஆசாரியர் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தியில் எழுப்புகிறார். ஊருக்குள் செல்லும் துறவி, எவரும் தனக்குக் கொடாத தெருவிலும் வாயிலிலும் நடக்கிறாரே, அது களவாகாதோ என்பது அவ்வினா. தெரு முதலியன எல்லார்க்கும் பொதுவாக விடப்பட்டவை, ஆகவே குற்றமில்லை. அடைத்த கதவு அவ்வாறு விடப்படாதது, ஆகவே துறவி அதற்குள் நுழைவதில்லை என்பது அவர் தரும் விடை.

இவ்விடையைக் கொண்டு பார்த்தால் நம் வழக்குத் தெளிவாகிறது. திரையின் அகலத்தை உலாவி சொல்வது, பக்கம் அத்திரையில் அடங்குமாறு அமைவதற்காக. மொழியைச் சொல்வது, நமக்கு விளங்கும் மொழியில் பக்கம் வருவதற்காக. தெரு நடப்பதற்காக விடப்பட்டது போல, அவ்விவரங்களும் ஒரு பயனுக்காக விடப்பட்டவை. அப்பயனுக்குக் கொள்வது கொடுத்ததைக் கொள்வதாகும். அவற்றை ஒன்றுதிரட்டி இன்னார் என்று பின்தொடர்வதற்குக் கொள்வது, பொதுத்தெருவில் நின்றபடியே அடைத்த கதவுக்குள் புகுவதாகும். கொடுத்தல் என்பது பொருளை மட்டும் தழுவியதன்று. எதற்காக என்பதும் அதனுள் அடங்கும். திருமணத்துக்குக் கொடுத்த இரவல் நகையை அடகு வைத்தவன், ‘நீதானே கொடுத்தாய்’ என்று சொல்ல முடியுமா?

அதே உரையில், புறப்பொருளைக் கைக்கொண்டாலும் கொள்ளாவிடினும், மாசுற்ற உள்ளத்தோடு செயல் நிகழுமிடத்தில் களவு உண்டு என்றும் ஆசாரியர் முடிக்கிறார். ஒன்றும் குறையவில்லையே என்னும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டுமோ? கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கும் தீங்கு நேரும் என்று நீரை வடிகட்டிப் பருகிய மரபு நம்முடையது. புலப்படாத தீங்கைத் தீங்கென்று ஒப்புவது நமக்குக் கடினமாக இருத்தலாகாது.

உள்ளத்தின் நிலையைக் கருதுவதால் மற்றொரு நியாயமும் கிடைக்கிறது. வங்கிகள் சில இதே முறையைக் கையாண்டு, வாடிக்கையாளரின் கணக்கில் புதிதான ஒரு கருவி நுழைவதை அறிந்து மோசடியைத் தடுக்கின்றன. அது நம் வீட்டுக் காவலாளி நம் முகத்தை நினைவில் வைத்திருப்பது போன்றது. நம் நலத்துக்காக, நாம் அறிந்த உறவில், அந்த அளவோடு நிற்குமாயின் அதைக் களவென்பது தகாது. அங்கும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுதலே நன்று.

சட்டமும் மனமும்

ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பது தடையற்றதாகவும், இன்ன பயனுக்கு என்று குறித்ததாகவும், அறிந்து தந்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 18 வயது நிறையாத பிள்ளைகளைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும், சில விலக்குகள் நீங்கலாக, அது தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்டது.

சட்டம் வேண்டும்; ஆனால் சட்டம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பயனர் இவ்வகை ரேகையை அழிக்க இயலாது, ஆகையால் இது தவறு என்று 2019இல் கூகுள் நிறுவனமே எழுதியது. அந்நிறுவனமே 2025 பிப்ரவரியில் தன் விளம்பர விதிகளில் இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அம்முடிவு பொறுப்பற்றது என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் கண்டித்தது. ஆதாயம் கருதி மாறக்கூடியது கொள்கை. ஆதாயம் போனாலும் மாறாதது விரதம்.

நாம் செய்யக்கூடுவது

இல்லங்களில் சில எளிய காப்புகள் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, பிரேவ் ஆகிய உலாவிகள் ரேகை எடுத்தலை ஓரளவு தடுக்கின்றன. டோர் என்னும் உலாவியோ, தன்னைப் பயன்படுத்துவோர் அனைவரும் ஒரே தோற்றத்தில் தெரியுமாறு செய்ய முயல்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளையும் எளியவர் வீட்டுப் பிள்ளையும் வேறுபாடு தெரியாதிருக்கப் பள்ளியில் சீருடை அணிவித்ததை ஒத்தது இது. காப்புக்கென்று பலவகை இணைப்புகளை உலாவியில் மாட்டிக்கொள்வது சில நேரங்களில் எதிர்ப்பயன் தரும். வேறெவரிடமும் இல்லாத அணி, அணிந்தவரையே காட்டிக்கொடுக்கும். எக்காப்பும் முழுமையானதன்று.

இதனினும் பெரிய கடமை ஒன்று உண்டு. களவுப் பொருளை வாங்குதலையும் களவுக்குத் தூண்டுதலையும் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் நூலோர் வைத்தனர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என வந்து குடியேறிய நம் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். வணிகம் செய்வோர் தத்தம் கடைகளுக்கு இணையத்தளம் வைத்து விளம்பர நிறுவனங்களின் உதவியையும் நாடுகின்றனர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினையே என்று கற்றவர்கள் நாம். ‘நான் எழுதுவது சிறு பகுதிதான்’ என்பதும், ‘நான் விலை கொடுத்து வாங்கினேன்’ என்பதும் அம்மூன்றனுள் எதில் சேரும் என்று அவரவரே எண்ணிப் பார்க்கட்டும்.

எனவே பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணும்போது, சம்பளம் எவ்வளவு, பதவி உயர்வு எப்போது என்று கேட்பதோடு நில்லாமல், ‘நீ எழுதும் நிரல் எவரிடமாவது கேளாமல் எதையாவது எடுக்கிறதா?’ என்றும் கேளுங்கள். கடை நடத்தும் மகனிடம், ‘உன் தளத்துக்கு வருவோரைப் பற்றி என்னென்ன திரட்டுகிறாய்? அதை அவர்களிடம் சொன்னாயா?’ என்று கேளுங்கள். விடை தெரியாது என்பார்களாயின் அறிந்து வந்து சொல்லச் சொல்லுங்கள். பிறர் பொருளைத் தொடுமுன் கேட்டாயா என்று சிறு வயதில் அவர்களிடம் நாம் வினவியதும் இதுவே, பொருள்தான் மாறியிருக்கிறது.